பிளஸ் ஒன் அறிவியல் குரூப்: பத்தாம் வகுப்பில் கணிதம் 62, அறிவியல் 84. எந்தக் குரூப், அதற்கு முன் என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: ஏற்காட்டு அப்பா

வணக்கம்ங்க. மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மாநிலப் பாடத்திட்டம், தமிழ்வழி, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். கணிதம் 62, அறிவியல் 84. நாங்கள் ஏற்காடு ஒன்றியத்தில் இருக்கிறோம், பழங்குடியினர் பிரிவு. மலைமேலேயே அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், இல்லையென்றால் சேலத்தில் விடுதியில் விட்டுப் படிக்க வைக்கலாம். சேலத்தில் ஒரு தனியார் பள்ளியும் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறோம் என்று கூப்பிடுகிறது.

அவளுக்கு கால்நடை மருத்துவம் அல்லது நர்சிங் பிடிக்கிறது. அதே நேரம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கும் மனதில் இருக்கிறது. பள்ளியில் சொல்லும் குரூப்புகள்: கணிதம்-இயற்பியல்-வேதியியல்-உயிரியல், கணிதம்-இயற்பியல்-வேதியியல்-கணினி அறிவியல், இயற்பியல்-வேதியியல்-தாவரவியல்-விலங்கியல். 62 மதிப்பெண்ணோடு கணிதம் உள்ள குரூப் எடுத்தால் திணறுவாளா? எந்தக் குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்கு வழி அடைபடும்? ஜூனுக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து என்ன படிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கலந்தாய்வு கணக்கு

முதலில் வழி அடைபடும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்ங்க, மற்றதெல்லாம் அதிலிருந்துதான்.

கணிதத்தை விட்டால் பொறியியல் கலந்தாய்வில் வரும் பி.இ., பி.டெக். முழுக்கப் போகும். பயோமெடிக்கல், பயோடெக்னாலஜி என்று பெயரில் "பயோ" இருப்பதால் கணிதம் வேண்டாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் அவற்றுக்கும் கணிதம்தான் அடிப்படை. சில பொறியியல் பிரிவுகளுக்குக் கணிதம் கட்டாயமில்லை என்று 2021இல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. தரப்பிலிருந்து செய்தி வந்ததை நம்பி முடிவெடுக்காதீர்கள். இங்கே கட்ஆஃப் (சேர்க்கைத் தரவரிசைக்கான மதிப்பெண்) போடும் முறை இதுதான்: கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, ஆக 200. கணிதம் 80, இயற்பியல் 84, வேதியியல் 86 எடுத்தால் 80 + 42 + 43 = 165. கணிதத்தில் 10 மதிப்பெண் கூடினால் கட்ஆஃப் 10 கூடும், இயற்பியலில் 10 கூடினால் 5தான் கூடும். தகுதி பெற இந்த மூன்று பாடங்களின் சராசரி 40 சதவீதம் உங்கள் பிரிவுக்குப் போதும். பொதுப் பிரிவுக்கு அது 45.

உயிரியலை விட்டால் நீட் வழிப் படிப்புகள், நர்சிங், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம் எல்லாம் போகும். பி.பார்ம் மட்டும் நடுவில் நிற்கிறது. இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

அடுத்தது கணினி அறிவியல். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதே இல்லை. கட்ஆஃபில் அந்தப் பாடத்துக்கு இடமே கிடையாது. பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் கற்றுத் தருகிறார்கள், நல்ல பாடம்தான். ஆனால் கல்லூரி முதலாண்டில் நிரல் எழுதுவதை அடியிலிருந்துதான் தொடங்குவார்கள். அதனால் உங்கள் மகளின் ஆசைப் பட்டியலுக்கு முழுவதும் பொருந்துவது முதல் குரூப், அதாவது பயோ மேத்ஸ். பாடம் கூடுதலாக இருக்கும் என்ற பயம் வேண்டாம். எந்தக் குரூப் எடுத்தாலும் மொழிப்பாடம் இரண்டு, முதன்மைப் பாடம் நான்கு, மொத்தம் 600 மதிப்பெண்தான்.

இன்னொன்று, இது குரூப்பை விட முக்கியம். அந்தத் தனியார் பள்ளிக்குப் போகாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடம் தனியாரில் படித்தால் அந்த உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளியும் இந்த 7.5 கணக்கில் வராது, பலர் இதைக் கவனிப்பதில்லை. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அரசுப் பள்ளிப் படிப்புதான் அடிப்படை. அதில் மட்டும் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளை 2024இல் சேர்த்தார்கள். சேலத்துக்கு இறக்கினாலும் அரசுப் பள்ளியிலேயே சேருங்கள்.

பதில் 2: அஸ்தம்பட்டி இயற்பியல்

மேலே உள்ளவர் சொன்னது கல்லூரி வாசலைப் பற்றி. வகுப்பறைக்குள் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன். பிளஸ் ஒன்னில் பிள்ளைகள் திணறுவதற்கு மதிப்பெண்ணை விடப் பாட வரிசைதான் பெரிய காரணம்.

இயற்பியல் புத்தகத்தின் இரண்டாவது அலகு இயக்கவியல். வெக்டர் (அளவோடு திசையும் உள்ள கணியம்), புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல், வகையிடல் (ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காண்பது), தொகையிடல் எல்லாம் அந்த ஓர் அலகிலேயே வந்துவிடும். ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில் நடத்துவார்கள். ஆனால் கணிதப் புத்தகத்தில் வெக்டர் இயற்கணிதம் எட்டாவது அத்தியாயம், வகையிடல் பத்தாவது, தொகை நுண்கணிதம் பதினொன்றாவது. மூன்றுமே இரண்டாம் தொகுதி. கணித ஆசிரியர் அங்கே வந்து சேரும்போது ஆண்டின் பிற்பாதி ஆகிவிடும். இந்த ஐந்தாறு மாத இடைவெளியில் பிள்ளை "எனக்கு இயற்பியல் வராது" என்று முடிவு கட்டிவிடும். கற்றுத் தராத கணிதம்தான் அங்கே தடுக்கிறது, இயற்பியல் இல்லை. தாவரவியல்-விலங்கியல் குரூப்பில் இது இன்னும் மோசம். அவர்களுக்கும் அதே இயற்பியல் புத்தகம்தான், ஆனால் கணித வகுப்பு வரவே வராது. கணிதத்துக்குப் பயந்து அந்தக் குரூப்புக்குப் போகிறவர்கள் இயற்பியலில் அதே கணிதத்தை ஆசிரியர் இல்லாமல் சந்திக்கிறார்கள்.

ஆகவே எந்தக் குரூப் எடுத்தாலும் விடுமுறையில் கீழே உள்ளவை கைக்கு வர வேண்டும்.

வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பது. 10 நியூட்டன் விசை கிடைமட்டத்தோடு 30 பாகையில் இழுத்தால் கிடைமட்டக் கூறு 8.66, செங்குத்துக் கூறு 5. எந்தக் கூறுக்கு சைன், எந்தக் கூறுக்கு காஸ் என்று மனப்பாடம் செய்தால் சாய்தளம் வரும்போது மாறிப்போகும். அங்கே கோணத்தைத் தரையிலிருந்து அளக்கிறோம், எடையோ நேர் கீழே இழுக்கிறது. அதனால் சரிவின் வழியே வரும் கூறு சைன் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் படம் வரைந்து, கோணத்தை ஒட்டிய பக்கம் காஸ், எதிர்ப்பக்கம் சைன் என்று பார்த்தே எழுதப் பழக்குங்கள்.

90 பாகைக்கு மேற்பட்ட கோணங்கள். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் 90 பாகையோடு நின்றுவிடும். சைன் 120 பாகை 0.866, காஸ் 120 பாகை மைனஸ் 0.5 என்பது இரண்டு விசைகளின் தொகுபயனுக்கு உடனே தேவைப்படும். காஸின் குறியை விட்டுவிட்டால் விடை முழுவதும் மாறும்.

வகையிடலில் அடுக்கு விதி ஒன்று போதும், அது ஒரு மாலை வேலை. இடப்பெயர்ச்சி, நேரத்தின் வர்க்கத்தைப் போல மூன்று மடங்கு மீட்டர் என்று கொடுத்தால், திசைவேகம் நேரத்தைப் போல ஆறு மடங்கு. 2ஆவது வினாடியில் 12 மீட்டர்/வினாடி. முடுக்கம் மாறாமல் 6. இதையே தலைகீழாகச் செய்தால் தொகையிடல். முதல் பருவத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை.

மடக்கை (லாகரிதம்) அட்டவணை. கால்குலேட்டர் கிடையாது, செய்முறைக் கணக்கு எல்லாம் மடக்கையில்தான். 1ஐ விடச் சிறிய எண்ணுக்கு மடக்கை பார்க்கும்போது முழுஎண் பகுதி மட்டும் குறை எண், பின்னப் பகுதி எப்போதும் நேர் எண். இதைக் குழப்பிக்கொண்டால் தசமப்புள்ளி இடம் மாறி, விடை பத்து மடங்கு தவறும்.

செய்முறையில் முதலில் வருவது வெர்னியர், திருகு அளவி என்ற நீளம் அளக்கும் கருவிகள், பிறகு தனி ஊசல். வெர்னியரின் மீச்சிற்றளவு, அதாவது அது அளக்கும் மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ., திருகு அளவியினுடையது 0.01 மி.மீ. கருவி சரியாகச் சுழியில் தொடங்காததால் வரும் சுழிப்பிழை நேர் என்றால் கழிக்க வேண்டும், எதிர் என்றால் கூட்ட வேண்டும். ஊசலில் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும், கொக்கி வரை அளந்து நிறுத்தக் கூடாது. ஒரு மீட்டர் ஊசல் 20 அலைவுக்குச் சுமார் 40 வினாடி எடுக்கும். கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் 20 சொல்லி நிறுத்தும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும். நேரம் 38 வினாடி வரும், புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பதில் 10.9 என்று வந்து நிற்கும். "சுழி" என்று தொடங்கினால் இந்தப் பிழை வராது.

பதில் 3: கணக்கு டீச்சர், சூரமங்கலம்

62ஐப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். அதைப் பிரித்துப் பாருங்க.

பத்தாம் வகுப்பு வினாத்தாளில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். இந்த 16ஐப் பயிற்சியிலேயே வாங்கிவிடலாம், பெரும்பாலான பிள்ளைகள் வாங்கிவிடுவார்கள். பிளஸ் ஒன்னில் அப்படிப்பட்ட கேள்வி கிடையாது. மகள் அந்த 16ஐ முழுதாக வாங்கியிருந்தால் மீதி 84க்கு 46 எடுத்திருக்கிறாள். பிளஸ் ஒன்னுக்குப் பேச வேண்டிய எண் அந்த 46. அந்த 16இல் கோட்டைவிட்டு 62 எடுத்திருந்தால் அவள் நிலைமை நன்றாகவே இருக்கிறது.

அறிவியலையும் இப்படித்தான் பார்க்கணும். 84இல் செய்முறை 25 முழுதாக வந்திருந்தால் எழுத்துத் தேர்வில் 75க்கு 59. அந்த 59 இயற்பியலில் வந்ததா, உயிரியலில் வந்ததா என்பது மதிப்பெண் பட்டியலில் தெரியாது. அரையாண்டு, திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, இயற்பியல் கணக்குகளுக்கும் வேதியியல் கணக்குகளுக்கும் எவ்வளவு வந்தது என்று தனியாகக் கூட்டிப் பாருங்க. உயிரியலில் நிறைய எடுத்து, கணக்கு வரும் இடமெல்லாம் விட்டிருந்தால் அதை முதலில் சரி செய்யணும்.

பத்தாம் வகுப்பின் எட்டு அலகுகளில் பிளஸ் ஒன்னுக்கு நேரடியாகப் போவது உறவுகளும் சார்புகளும், இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல். தொடர்வரிசை ஐந்தாவது அத்தியாயத்துக்கு வேண்டும். அளவியலை இப்போதைக்குத் தொட வேண்டாம். நான்கில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இயற்கணிதம். பிளஸ் ஒன்னில் வகையிடல் புரியாமல் தோற்பவர்களை விட, வகையிட்ட பிறகு பின்னத்தைச் சுருக்கத் தெரியாமல் தோற்பவர்கள் அதிகம். இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது, இரண்டு விகிதமுறு கோவைகளைக் கூட்டுவது, அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் உள்ளே எல்லாக் குறியையும் மாற்றுவது, அடுக்குக்குறி விதிகள். தினமும் 15 கணக்கு, விடையைப் பார்க்காமல், ஒரு மாதம் போடட்டும்.

தானே சோதித்துக்கொள்ள ஒரு வழி: இயற்கணித அலகின் பயிற்சிக் கணக்குகளிலிருந்து ஏதேனும் பத்தை எடுத்து, நோட்டைப் பார்க்காமல் முக்கால் மணி நேரத்தில் போடச் சொல்லுங்க. ஏழு சரியாக வந்தால் பயோ மேத்ஸ் தைரியமாக எடுக்கலாம். நான்குக்குக் கீழே என்றால், அந்த ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு வேறு பத்துக் கணக்கு கொடுத்து மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க.

பிளஸ் ஒன் கணிதத் தாள் 90க்கு: ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். ஒரு மதிப்பெண் கேள்விகளும் இரண்டு மதிப்பெண் கேள்விகளும் சேர்ந்து 34. பாடப் பின்பகுதிக் கேள்விகளை ஒழுங்காகப் போட்டுப் பார்க்கும் பிள்ளை கணிதத்தில் தோற்காது. நல்ல கட்ஆஃப் வேண்டுமென்றால்தான் ஐந்து மதிப்பெண் கேள்விகளின் பாடு.

பதில் 4: மோல் கணக்கு

வேதியியலைப் பற்றி யாரும் பேசவில்லை. பிளஸ் ஒன் முதல் அத்தியாயமே வேதிக் கணக்கீடுகள். அது பத்தாம் வகுப்பு "அணுக்களும் மூலக்கூறுகளும்" பாடத்தின் மேல் நிற்கிறது. அங்கே மோல் (அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு) பிடிபடாத பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னில் வாயுநிலைமை, வெப்ப இயக்கவியல், சமநிலை, கரைசல்கள் வரிசையாக அடைபடும்.

சேலத்துக்காரர்கள் மோலைக் கற்றுக்கொள்ள வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது தெரிகிற வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. மெக்னீசியம் 24, கார்பன் 12, ஆக்சிஜன் 16 என்று எடுத்துக்கொண்டால் கல்லின் மோலார் நிறை 84 கிராம், அதிலிருந்து ஆக்சைடு 40 கிராம், வாயு 44 கிராம். இப்போது கேள்வி: ஒரு டன் தூய கல்லைச் சுட்டால் எவ்வளவு ஆக்சைடு? 1000ஐ 84ஆல் வகுத்து 40ஆல் பெருக்கினால் சுமார் 476 கிலோ. கல்லின் தூய்மை 80 சதவீதம் என்றால் சுமார் 381 கிலோ ஆக்சைடு, அதோடு சிதையாமல் நிற்கும் 200 கிலோ மாசும் சூளையில் சேர்ந்தே இருக்கும். மாசை மறந்துவிட்டு மிஞ்சும் மொத்த எடையையும் ஆக்சைடு என்று எழுதுவது வழக்கமான பிழை. இந்தக் கணக்கை மகள் தானாகப் போட்டால் முதல் அத்தியாயத்தில் பாதி முடிந்தது.

மறுபாதி, எந்த வினைபொருள் முதலில் தீர்கிறது என்று பார்ப்பது. 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்தால் எவ்வளவு நீர்? 20 கிராம் என்று எழுதினால் தவறு. ஹைட்ரஜன் 2 மோல், ஆக்சிஜன் அரை மோல். அரை மோல் ஆக்சிஜனுக்கு ஒரு மோல் ஹைட்ரஜன்தான் செலவாகும். நீர் 18 கிராம், ஹைட்ரஜன் 2 கிராம் மிச்சம். கிராமை நேரடியாக ஒப்பிடுவதுதான் இங்கே வரும் தவறு. முதலில் மோலாக மாற்று, பிறகு சமன்பாட்டின் எண்களைப் பார், கடைசியில் கிராமுக்குத் திரும்பு.

இயற்பியல்காரர் சொன்ன மடக்கை இங்கேயும் வேண்டும். 0.002 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். மதிப்பு: 3இலிருந்து 2இன் மடக்கை 0.3010ஐக் கழித்தால் 2.70. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இந்த வகைக் கணக்கு உண்டு.

இணைதிறன் தெரியாமல் வாய்பாடு எழுத முடியாது, எனவே முதல் 20 தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பையும் இணைதிறனையும் மனதில் ஏற்றிவிடுங்கள். கரிம வேதியியல் இரண்டாம் தொகுதிதான், அதற்கு இப்போது அவசரமில்லை.

ஏற்காட்டு அப்பா

எல்லோருக்கும் நன்றிங்க. டீச்சர் சொன்னபடி விடைத்தாளை எடுத்துப் பார்த்தோம். வரைபடமும் வடிவியலும் சேர்த்து 11தான் வாங்கியிருக்கிறாள். இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, பயோ மேத்ஸ் எடுத்தால் உயிரியல் குறைவாகத்தானே இருக்கும், கால்நடை மருத்துவத்துக்கு அது போதுமா? இரண்டு, முதலில் தாவரவியல்-விலங்கியல் எடுத்துவிட்டுப் பிறகு கணிதத்தைச் சேர்க்க முடியுமா? மூன்று, பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை, அதனால் முதல் வருடம் சுமை குறைவு என்கிறார்களே?

பதில் 5: தலைவாசல் பக்கம்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். பயோ மேத்ஸில் உயிரியல் என்பது உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு பாதி, சேர்ந்து ஒரு பாடம், ஒரே 100. மற்ற குரூப்பில் தாவரவியலுக்குத் தனி 100, விலங்கியலுக்குத் தனி 100, விரிவும் அதிகம். ஆனால் தகுதி என்று வரும்போது இரண்டும் ஒன்றுதான். நீட், நர்சிங், கால்நடை மருத்துவம் எதிலும் பயோ மேத்ஸ் மாணவர்களுக்குக் குறை கிடையாது.

கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்களில் சேர நீட் வேண்டாம், பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் நீட். உங்கள் மாவட்டத்திலேயே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போட்டி கடுமை, எனவே மூன்று பாடங்களிலும் ஒரு மதிப்பெண் கூட விலை உயர்ந்தது. உயிரியலில் மதிப்பெண் போவது பெரும்பாலும் படத்திலும் கலைச்சொல்லிலும். படத்தை வரைந்து பாகம் குறிக்காமல் விட்டால் பாதி போகும். தமிழ்வழியில் படிப்பதால் ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொல்லையும் ஆங்கிலப் பெயரோடு ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி வரட்டும். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில்தான். நீட்டையும், ஜே.இ.இ. மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வையும் தமிழில் எழுதலாம், அதற்காகப் பயிற்றுமொழியை இப்போது மாற்ற வேண்டாம். முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருப்பதையும் மறக்க வேண்டாம்.

செடி கொடியில் ஆர்வம் இருந்தால் வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டங்களையும் பட்டியலில் வையுங்கள், அவற்றுக்கும் உயிரியல் வேண்டும். வேளாண் பொறியியல் மாதிரி பி.டெக். படிப்புகளுக்குக் கணிதம் வேண்டும். பயோ மேத்ஸ் இரண்டையும் தாங்கும்.

பதில் 6: கலந்தாய்வு கணக்கு

இரண்டாவது கேள்வி. உயிரியலைப் பின்னால் சேர்க்க ஒரு கதவு இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் எழுதித் தேறியவர்கள் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. கணிதத்தைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்காதீர்கள். பாடமாகவும் அது தனியே உட்கார்ந்து படித்துவிடக் கூடியது இல்லை. அதனால் சந்தேகம் இருந்தால் கணிதம் உள்ள குரூப்பில் தொடங்குங்கள். கணிதத்திலிருந்து தாவரவியல்-விலங்கியலுக்கு முதல் சில வாரங்களில் மாறுவது எளிது. மறுபக்கம் ஏறுவது கஷ்டம், தவறிய பாடம் கூடிக்கொண்டே போகும். மாறுவதாக இருந்தால் ஜூலைக்குள் மாறிவிடுங்கள். பள்ளியில் பெயர்ப்பட்டியல் முடிந்துவிட்டால் அலைய வேண்டும்.

சேர்க்கைக்குப் போகும்போது தலைமையாசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் குரூப்பின் நான்கு பாடங்களுக்கும் முதுகலை ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, எந்தப் பணியிடம் காலி? மலையில் குரூப் இருந்தும் இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ ஆள் இல்லையென்றால், சேலத்தில் அரசு விடுதியோடு உள்ள அரசுப் பள்ளி மேல். நான்கு பேரும் இருந்தால் மேலேயே படிக்கட்டும். விடுதி இல்லாமல் தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த நேரமும் களைப்பும் மாலையில் போட வேண்டிய கணக்கைத் தின்றுவிடும்.

சாதிச் சான்றிதழையும் இப்போதே பாருங்கள். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தில் வர வேண்டும், விசாரணைக்கு நாள் பிடிக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் கலந்தாய்வுத் தேதி தாண்டிப் போகிற ஆபத்து உண்டு. சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். முதலெழுத்து மாறியிருந்தால் கூட நிறுத்திவைப்பார்கள்.

பதில் 7: அஸ்தம்பட்டி இயற்பியல்

மூன்றாவது கேள்விக்கு: 2017-18இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26இலிருந்து இல்லை என்பது சரி. சுமை குறைந்தது என்று எடுத்துக்கொண்டால் பிளஸ் டூவில் அடி விழும். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பிளஸ் ஒன் பாடமும் சேர்த்தே கேட்கிறார்கள். அந்தத் தேர்வுகளே வேண்டாம் என்றாலும், பிளஸ் டூ இயற்பியல் முதல் அலகு நிலைமின்னியல், அங்கே கூலூம் விதி வெக்டர் வடிவில்தான் வரும். பிளஸ் ஒன் அலைகளையும் அலைவுகளையும் தாண்டிக் குதித்த பிள்ளைக்கு மாறுதிசை மின்னோட்டமும் அலை ஒளியியலும் புரியாது. கணிதத்தில் பிளஸ் டூவின் வகை நுண்கணிதப் பயன்பாடுகள் எல்லாம் பிளஸ் ஒன் வகையிடலின் மேல்தான். பள்ளி பிளஸ் ஒன் பாடத்தை வேகமாக ஓட்டிவிட்டு பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே தொடங்கினால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

வரைபடமும் வடிவியலும் 16க்கு 11 என்றால் மீதி 84க்கு 51. டீச்சர் சொன்ன பத்துக் கணக்குச் சோதனையை இந்த வாரமே வையுங்கள். மீதி விடுமுறையின் முதல் பாதியில் காலை இயற்கணிதம், மாலை மோல் கணக்கு. இரண்டாம் பாதியில் காலை முக்கோணவியலும் வெக்டரும், மாலை மடக்கையும் அடுக்கு விதி வகையிடலும். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உயிரியலை விடுமுறையில் தொட வேண்டியதில்லை, அதில் அவள் ஏற்கனவே நன்றாக இருக்கிறாள். புத்தகம் வாங்கக் காத்திருக்க வேண்டாம், பாடநூல்கள் எல்லாம் அரசு இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இயற்பியல் முதல் தொகுதியின் இரண்டாவது அலகை மட்டும் அச்செடுத்துக் கையில் கொடுங்கள்.